உருகிய நீர் போகும் வழி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. கடைசி வருடப் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். ஏதாவது பாலமோ ஏரித் தூர்வாரலோ இருக்கும் என்று நினைத்தேன். நீ கிரீன்லாந்துக்கே போய்விட்டாய். நல்லதுதான்.

“மேலே பனி உருகுகிறது, நீர் சரிவில் ஓடிக் கடலில் சேர்கிறது. உயர வரைபடமும் தினசரி உருகும் அளவும் கையில் இருந்தால் மாடல் முடிந்தது, அப்படித்தானே மாமா?” என்று கேட்டிருக்கிறாய். நம் ஊர் ஆற்றுப்படுகைக்குச் செய்கிற வேலையை அப்படியே அங்கே தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறாய். பாதி தூரம் வரை போகலாம். மீதிப் பாதியில்தான் சுவாரஸ்யமே இருக்கிறது. ஏனென்றால் அங்கே ஆற்றுப்படுகையே உருகும், நகரும், பிளக்கும், இரவோடிரவாக மூடிக்கொள்ளவும் செய்யும்.

முதலில் பரிமாணத்தைப் பிடித்துக்கொள். கிரீன்லாந்தின் பனிப்பாளம் ஏறக்குறைய 17 லட்சம் சதுர கிலோமீட்டர். நடுப்பகுதியில் 3 கிலோமீட்டருக்கு மேல் தடிமன். அத்தனையும் உருகினால் உலகக் கடல்மட்டம் 7 மீட்டருக்கு மேல் ஏறும். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்பதால் இந்த எண்ணை வைத்து யாரையும் பயமுறுத்தாதே. பாளம் இரண்டு வழியில் இளைக்கிறது. மேற்பரப்பு உருகி நீராக வழிவது ஒன்று. பனி தன் எடையிலேயே ஊர்ந்து கடலோரம் வந்து உடைந்து விழுவது இன்னொன்று. நெடுங்காலம் இந்த இரண்டையும் தனித்தனிக் கணக்காகத்தான் எழுதிவந்தார்கள். மேலே உருகிய நீர் ஒரு கிலோமீட்டர் பனியைத் துளைத்துக் கீழே பாறைக்குப் போகும் என்பதையும், போனால் பனி வழுக்கும் என்பதையும் களத்தில் அளந்து காட்டிய பிறகு அந்தப் பிரிவினை நிற்கவில்லை.

அளந்தது சுவிஸ் கேம்ப் என்ற முகாமில். கான்ராட் ஸ்டெஃபன் 1990-இல் மேற்குக் கிரீன்லாந்தின் பனிமேல் அமைத்தது. அங்கே நட்டுவைத்த ஜி.பி.எஸ். கருவியைக் கொண்டு ஜே ஸ்வாலியும் ஸ்டெஃபனும் மற்றவர்களும் 2002-இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குளிர்காலத்தில் நாளுக்குச் சுமார் 31 செ.மீ. நகர்ந்த பனி, கோடை உருகல் உச்சத்தில் 40 செ.மீ. நகர்ந்தது. பனியின் தடிமன் அங்கே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம். வெயிலின் சூடு அவ்வளவு ஆழத்துக்கு ஒரு கோடையில் இறங்க வழியே இல்லை. நீர்தான் இறங்கியிருக்க வேண்டும். ஸ்டெஃபன் 2020 ஆகஸ்டில் அதே முகாமுக்கு அருகில் நீர் நிறைந்த ஒரு பனிப்பிளவில் விழுந்து இறந்துபோனார்.

அந்த 2002 கட்டுரை வந்ததும் எல்லோருக்கும் ஒரே பயம். வெப்பம் கூடினால் நீர் கூடும், நீர் கூடினால் வழுக்கல் கூடும், வழுக்கல் கூடினால் பனி கடலுக்கு விரையும். கேட்க நேர்க்கோடாக இருக்கிறது. அது அத்தனை நேர்க்கோடு இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அடுத்த இருபது ஆண்டு மாடலிங் செலவானது. உன் புராஜெக்ட் எந்த மூலையைத் தொட்டாலும் இதை மனதில் வை: எவ்வளவு நீர் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததோடு நின்றுவிடாதே. எந்த வழியில், எந்த நேரத்தில், எவ்வளவு சீராக வந்தது என்று கேள். ஒரே அளவு நீர் பனியை ஓடவும் வைக்கும், நிதானப்படுத்தவும் செய்யும்.

சரி, மேலிருந்து தொடங்குவோம்.

கோடை தொடங்கும்போது பாளத்தின் ஓரப் பகுதியில் போன குளிர்காலத்துப் பனித்தூவல் கிடக்கும். உருகுநீர் முதலில் அதற்குள் ஊறும். இந்த இடத்தில் உனக்கு டார்சி விதி போதும். மண்ணில் நிலத்தடி நீருக்குச் செய்வதைத்தான் செய்கிறாய். தூவல் கரைந்து அடியிலிருக்கும் கட்டிப்பனி வெளியே தெரிந்ததும் நீர் வாய்க்காலாக ஓடும். அங்கே வாய்க்கால் ஓட்டத்துக்கான மானிங் சமன்பாடு. டார்சிக்கும் மானிங்குக்கும் வேகத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதனால் பனித்தூவல் கோடு எந்த நாளில் எங்கே இருக்கிறது என்பதைத் தப்பாக வைத்தால் நீர் வந்து சேரும் நேரம் முழுக்கத் தப்பிப்போகும். ஆலிசன் பான்வெல்லும் கூட்டாளிகளும் 2012-இல் பாக்கிட்சோக் பகுதிக்குச் செய்த மாடல் இப்படித்தான் இயங்குகிறது. இலுலிசாட் நகருக்கு வடக்கே உள்ள இடம் அது. முதல் மாடலாகப் படிக்க நான் அதையே சொல்வேன். பெரிய கம்ப்யூட்டர் தேவையில்லை, தர்க்கம் பளிச்சென்று தெரியும்.

அந்த மாடலைத் திறந்து பார்க்கும்போது ஒன்றைக் கவனி. ஜி.ஐ.எஸ். வகுப்பில் உனக்கு முதல் பாடமாக என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? உயர வரைபடத்தை எடுத்ததும் அதிலுள்ள பள்ளங்களை நிரப்பு, இல்லாவிட்டால் நீரோட்டப் பாதை அறுந்துபோகும் என்று. எந்த மென்பொருளிலும் அது ஒரு பொத்தான். பனிப்பாளத்தில் அந்தப் பொத்தானைத் தொட்டால் உன் ஆய்வுப் பொருளையே அழித்துவிடுவாய். பள்ளங்கள்தான் ஏரிகள். ஒவ்வொரு பள்ளத்தையும் தனித்தனியாக எடுத்து, அதன் விளிம்பில் மிகத் தாழ்ந்த இடம் எது, அதுவரை நிரம்ப எவ்வளவு நீர் வேண்டும், நிரம்பி வழிந்தால் அடுத்து எந்தப் பள்ளத்துக்குப் போகும் என்று ஒரு பட்டியல் போட வேண்டும். ஆர்க்டிக் டெம் என்ற 2 மீட்டர் துல்லிய வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் வரைபடப் பிழையால் வந்த பொய்ப்பள்ளங்களும் இருக்கும். எது பொய், எது ஏரி என்று பிரிக்கச் செயற்கைக்கோள் படத்தில் நீல நிறம் தெரிகிறதா என்று பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பனி நகர்ந்துகொண்டே இருந்தாலும் ஏரிகள் வருடாவருடம் ஏறக்குறைய அதே இடத்தில்தான் தோன்றும். கீழே உள்ள பாறையின் மேடுபள்ளம், நகரும் பனியின் மேற்பரப்பில் மங்கலாகத் தெரியும். பனி வரும் போகும். பள்ளம் பாறைக்குச் சொந்தம்.

இன்னும் உயரே போனால் கோடையிலும் கரையாத பழைய பனித்தூவல் அடுக்கடுக்காக இறுகிக் கிடக்கும். ஃபிர்ன் என்பார்கள். உருகுநீர் அதற்குள் இறங்கி மறுபடி உறைந்துவிடும், கடலுக்கு வராது. தென்கிழக்குக் கிரீன்லாந்தில் அது உறையாமலேயே குளிர்காலம் முழுக்கத் தேங்கிக் கிடப்பதை 2011-இல் துளையிட்டபோது கண்டுபிடித்தார்கள். பனிக்குள் நிலத்தடி நீர்! மேற்குப் பக்கத்தில் இதற்கு நேர்மாறான கதை. சில கடும் கோடைகளில் இறங்கி உறைந்த நீர், ஃபிர்னுக்குள் தடித்த பனிக்கட்டிப் பலகைகளாகிவிட்டது. அதன்பின் வரும் நீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே ஓடுகிறது. 2012 ஜூலையில் பாளத்தின் மேற்பரப்பு கிட்டத்தட்ட முழுவதும் உருகியதை நீ படித்திருப்பாய். அங்கே காங்கர்லுசுவாக் என்ற ஊரில் வாட்சன் ஆறு பாலத்தின் ஒரு பகுதியையே அடித்துக்கொண்டு போனது அந்த மாதம்தான். உருகல் எவ்வளவு என்பது அந்த வெள்ளத்தின் பாதிக் காரணம். முந்தைய ஆண்டுகள் உள்ளே விட்டுச்சென்ற பலகைகள் மீதிப் பாதி. அன்றன்றைய வெப்பநிலையை மட்டும் உள்ளே கொடுக்கும் மாடலுக்கு இந்த ஞாபகம் இருக்காது.

வெறும் கட்டிப்பனியில் ஓடும் ஆறுகளைப் பற்றி ஒரு அளவீடு சொல்கிறேன், ஏனென்றால் இங்கே மாடல்காரர்கள் நன்றாகக் குட்டுப்பட்டார்கள். லாரன்ஸ் ஸ்மித் குழு 2015 ஜூலையில் ரியோ பேஹார் என்று பேர் வைத்த ஒரு பனியாற்றின் கரையில் கூடாரம் போட்டது. நீர்ப்பிடிப்புப் பரப்பு 60 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆற்றின் குறுக்கே கயிறு கட்டி, ஒலியலையால் நீரின் வேகத்தை அளக்கும் கருவி பொருத்திய சிறு மிதவையை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக இழுத்தார்கள். மணிக்கு மணி, இரவு பகலாக, 72 மணி நேரம். தண்ணீருக்குள் தவறி விழுந்தால் தூக்கி எடுக்க முடியாது. ஓட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் ஆறு நேராக, பனியைத் துளைத்து இறங்கும் ஒரு பனிக்குழிக்குள் விழுகிறது. இத்தனை பாடுபட்டுக் கிடைத்த நீரோட்டத்தைக் காலநிலை மாடல்கள் சொன்ன உருகலோடு ஒப்பிட்டபோது, பல மாடல்கள் நீரைக் கணிசமாகக் கூட்டிச் சொல்லியிருந்தன. கட்டிப்பனி என்று நாம் நினைப்பதன் மேல்தோல் வெயிலில் அரிபட்டுச் சல்லடையாகக் கிடக்கிறது. அதில் நீர் ஊறி நிற்கிறது, ஒரு பகுதி இரவில் உறைந்தும் விடுகிறது.

அதே ஆய்வில் உனக்குப் பழக்கமான ஒரு கருவியையும் எடுத்துக்கொண்டார்கள்: ஷெர்மன் 1932-இல் சொன்ன யூனிட் ஹைட்ரோகிராஃப். பிற்பகலில் உருகல் உச்சம் தொட்டாலும் ஆறு பனிக்குழியில் கொட்டும் உச்சம் சில மணி நேரம் கழித்தே வருகிறது. நீர்ப்பிடிப்பு பெரிதானால் தாமதமும் பெரிது. சிறியதும் பெரியதுமான பல பிடிப்புகள் தங்கள் உச்சங்களை வேறுவேறு நேரத்தில் கொண்டுவந்து கொட்டுவதால் கீழே போகும் துடிப்பு மழுங்கும். இதை விட்டுவிட்டு உருகிய நீர் அந்தக் கணமே அடித்தளத்துக்குப் போனதாக எழுதிய மாடல்கள் நிறைய உண்டு.

அடுத்து, நீர் கீழே இறங்கும் கட்டம்.

வறண்ட பனிப்பிளவு சில பத்து மீட்டர் ஆழத்துக்கு மேல் போகாது. அதற்குக் கீழே பனியின் சொந்த அழுத்தமே அதை நெருக்கி மூடிவிடும். பிளவில் நீர் நிறைந்தால் கதை மாறுகிறது. ஹான்ஸ் வீர்ட்மன் 1973-லேயே இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டிவிட்டார். நீயும் போட்டுப் பார். நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோ, பனிக்கு 917. ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் பனி நெருக்கும் அழுத்தம் சுமார் 90 வளிமண்டலம். அங்கே வரை நீர் நின்றால் அதன் அழுத்தம் அதைவிட 8 வளிமண்டலம் அதிகம். ஆழம் கூடக்கூட இந்த மிச்சமும் கூடும். அதனால் பிளவு நீரால் நிறைந்தபடியே இருந்தால் அது நிற்கவே காரணம் இல்லை, பாறை வரை போகும். நிறைந்தபடியே இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதற்கு மேலே ஒரு சேமிப்பு வேண்டும். கால் கிலோமீட்டரிலிருந்து 800 மீட்டர் வரை குறுக்களவுள்ள ஏரியில் இருக்கும் நீரே ஒன்று முதல் ஒன்றரை கிலோமீட்டர் தடிமனைப் பிளக்கப் போதும் என்று 2009-இல் கணக்கிட்டார்கள். கிரீன்லாந்தில் அதைவிடப் பெரிய ஏரிகள் ஏராளம்.

இது நடப்பதைக் கருவிகள் பதிவு செய்த நாள் 2006 ஜூலை 29. சாரா தாஸ், இயன் ஜோகின் குழு நார்த் லேக் என்று அழைத்த ஏரி, பரப்பு 5.6 சதுர கிலோமீட்டர், அடியில் 980 மீட்டர் பனி. ஏரிக்குள் நீர்மட்டக் கருவியும் கரையில் ஜி.பி.எஸ்.ஸும் நில அதிர்வு மானியும் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். மட்டம் முதலில் மெல்ல இறங்கியது. பிறகு ஏரி முழுக்க ஒன்றரை மணி நேரத்துக்குள் காலி. 4.4 கோடி கன மீட்டர் நீர். சராசரி நொடிக்கு 8,700 கன மீட்டர். அணை திறப்புச் செய்திகளின் கணக்கில் நொடிக்கு 3 லட்சம் கன அடி. நயாகராவில் சராசரியாக விழுவதைவிட அதிகம். கரையிலிருந்த ஜி.பி.எஸ். 1.2 மீட்டர் மேலே எழும்பிற்று. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள பனியை அடியில் புகுந்த நீர் தூக்கிப் பிடித்திருக்கிறது.

மாடலில் இதை எப்படி எழுதுவாய்? சுலபமான வழி ஒரு வாசல் அளவு வைப்பது: ஏரியின் கொள்ளளவு, அடியிலுள்ள பனியைப் பிளக்கத் தேவையான அளவைத் தாண்டியதும் மாடலில் ஏரி வடியும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவுள்ள இரண்டு ஏரிகளில் ஒன்று வடியும், மற்றது கோடை முழுக்க அசையாமல் கிடந்து குளிரில் உறையும். நீர் மட்டும் போதாது, பனியின் மேல்தோலில் இழுவிசையும் வேண்டும். ஏரி இருப்பதோ பள்ளத்தில், அங்கே பனி பொதுவாக நெருக்கப்பட்டே இருக்கும். லாரா ஸ்டீவன்ஸ் குழு அதே நார்த் லேக்கைச் சுற்றி ஜி.பி.எஸ். வலை விரித்து 2015-இல் விடை சொன்னது. ஏரி வடிவதற்குச் சில மணி நேரம் முன்பே, பக்கத்துப் பனிக்குழிகள் வழியாக நீர் அடிக்குப் போய்ப் பனியைச் சற்றே தூக்கி நகர்த்துகிறது. அந்த அசைவு தருகிற இழுவிசைதான் ஏரியின் அடியில் முதல் விரிசலைத் திறக்கிறது. ஆக, ஓர் ஏரியின் விதி அதன் சொந்தக் கொள்ளளவில் மட்டும் இல்லை, அக்கம்பக்கத்திலும் இருக்கிறது. அண்டார்க்டிகாவில் 2002-இல் லார்சன் பி என்ற மிதக்கும் பனித்தட்டு சில வாரங்களில் 3,250 சதுர கிலோமீட்டர் நொறுங்கியபோதும், அதன்மேல் இருந்த 2,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் ஒன்றையொன்று தூண்டித் தொடராக வடிந்திருக்கலாம் என்று பான்வெல்லும் மக்ஐயலும் காட்டினார்கள். அந்தக் கதையை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன். மிதக்கும் பனியின் இயக்கவியல் வேறு.

பிளவு திறந்த இடத்தில் நீர் தொடர்ந்து ஓடினால் அது வட்டக் கிணறாகிவிடும். மேலே பனிக்குழி என்று நான் எழுதியது இதைத்தான், மூலான் என்பது அதன் பெயர். அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க நாசாவின் ரோபோ பொறியாளர் அல்பர்ட்டோ பேஹார் 2008-இல் யாகோப்ஷாவ்ன் பனியாற்றின் மேல் ஒரு மூலானுக்குள் கருவி ஒன்றை இறக்கினார். கூடவே 90 மஞ்சள் ரப்பர் வாத்துகளையும் விட்டார். கடலில் மீனவர் யாராவது கண்டெடுத்தால் தகவல் சொல்லட்டும் என்று மூன்று மொழியில் எழுதி, மின்னஞ்சல் முகவரியும் ஒட்டியிருந்தார். வாத்து ஒன்றும் திரும்பவில்லை, கருவியும் பேசவில்லை. சிரித்துவிடாதே, அடித்தளத்தைப் பற்றி நமக்கு இருக்கும் நேரடிச் சாட்சியம் எவ்வளவு குறைவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பேஹார் 2015 ஜனவரியில் விமான விபத்தில் இறந்தார். ரியோ பேஹார் என்ற பெயர் அவர் நினைவாகத்தான்.

இப்போது அடித்தளம். உன் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் எட்டாத இடம், எல்லாமே சமன்பாட்டின் பொறுப்பு.

பனிக்கு அடியில் நீர் எந்தத் திசையில் ஓடும்? பாறையின் சரிவைப் பார்த்துப் பதில் சொன்னால் மதிப்பெண் கிடையாது. ரொனால்ட் ஷ்ரீவ் 1972-இல் எழுதியபடி, நீரை நகர்த்துவது உயரமும் மேலுள்ள பனியின் அழுத்தமும் சேர்ந்த மொத்த ஆற்றல். அதை வகையிட்டால் பனியின் மேற்பரப்புச் சரிவுக்குப் பாறைச் சரிவைவிடப் பதினொரு மடங்கு செல்வாக்கு. 917-ஐ 83-ஆல் வகுத்துப் பார். அதனால் மேற்பரப்பு சாயும் பக்கம் நோக்கி, அடியில் மேடேறிக்கூட நீர் போகும்.

அது போகும் வழி இரண்டு வகை. பனி நகர்ந்து பாறை மேடுகளைத் தாண்டும்போது மேட்டின் பின்பக்கம் சிறு இடுக்குகள் திறக்கும். அவை மெல்லிய இணைப்புகளால் கோத்துக்கொண்டு வலையாகப் பரவும். இந்த வலையில் நீர் கூடினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பனி பாறையிலிருந்து விடுபட்டு வழுக்கும். இன்னொன்று ஹான்ஸ் ரோத்லிஸ்பெர்கர் 1972-இல் விளக்கிய பனிச்சுரங்கம். ஓடும் நீரின் உராய்வுச் சூடு சுவரை உருக்கிச் சுரங்கத்தைப் பெருக்குகிறது. ஒரு டன் நீர் ஒரு கிலோமீட்டர் உயரம் இறங்கினால் அந்த ஆற்றல் சுமார் 29 கிலோ பனியை உருக்கும், நீயே கணக்குப் போடலாம். இங்கே குணம் தலைகீழ்: நிலையான ஓட்டத்தில் நீர் கூடினால் சுரங்கம் பெருத்து அழுத்தம் குறையும். குறைந்த அழுத்தம் அக்கம்பக்கத்து நீரையும் இழுக்கும், பெரிய சுரங்கம் சின்னதை விழுங்கும். பனி மறுபடி பாறையில் உட்கார்ந்து நிதானப்படும்.

இரண்டையும் ஒரே சமன்பாட்டில் கொண்டுவந்தவர் கிறிஸ்டியன் ஷூஃப். 2010-இல் நேச்சர் இதழில் வந்தது. வார்த்தையில் சொன்னால் இவ்வளவுதான்: வழியின் குறுக்குப்பரப்பு மாறும் வேகம் என்பது, ஓடும் நீர் சுவரை உருக்கிப் பெருக்குவதும், பனி மேட்டைத் தாண்டும்போது திறப்பதும் சேர்ந்த கூட்டுத்தொகையிலிருந்து, மேலுள்ள பனி ஊர்ந்து மூடுவதைக் கழித்தால் வருவது. ஓட்டம் குறைவாக இருந்தால் இரண்டாவது உறுப்பு ஆளும், இடுக்கு வலை. ஓட்டம் ஒரு எல்லையைத் தாண்டினால் முதல் உறுப்பு ஆளும், சுரங்கம். மூன்றாவது உறுப்பை அலட்சியம் செய்யாதே. ஒரு கிலோமீட்டர் பனிக்கடியில் ஒரு சுரங்கம் முழுக்கக் காலியானால், பனி ஊர்வதற்கான க்ளென் விதியில் எண்களைப் போட்டுப் பார், ஒருசில மணி நேரத்தில் அதன் ஆரம் பாதியாகிவிடும். குளிர்காலத்தில் சுரங்கம் தாங்காததும், ஒவ்வொரு கோடையும் எல்லாம் புதிதாகத் தொடங்குவதும் இதனால்தான்.

பருவத்தின் முதல் பெருமழையில் தூர் எடுக்காத மழைநீர் வடிகால் திணறித் தெருவில் நீர் நிற்பதையும், அதே மழை இரண்டு மாதம் கழித்துப் பெய்தால் மடமடவென்று வடிவதையும் நீ பார்த்திருக்கிறாய். பாளத்தின் அடியில் மே, ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான், அங்கே வடிகாலைத் தூர் எடுப்பதே நீர்தான் என்பதைத் தவிர. ஷூஃப் இதிலிருந்து வந்தடைந்த முடிவு என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான முடிவு: பனியை விரைவுபடுத்துவது நீரின் ஏற்ற இறக்கம். சீராக வரும் பெருநீருக்குச் சுரங்கம் ஈடுகொடுத்துவிடும். திடீர் ஏரி வடிதல், மழை நாள், பிற்பகல் உச்சம், இவற்றுக்கு ஈடுகொடுக்க நேரமில்லாமல் நீர் சுரங்கத்திலிருந்து பொங்கிப் பக்கத்து இடுக்குகளுக்குள் புகும், பனி எழும்பி ஓடும். மேற்பரப்பில் டார்சியா மானிங்கா, உச்சம் எத்தனை மணிக்கு என்றெல்லாம் நான் உன்னை இழுத்தடித்தது இதற்காகத்தான்.

அந்த முதல் பயம் என்னவாயிற்று என்று கேட்பாய். ஆண்ட்ரூ டெட்ஸ்டோன் குழு மேற்குக் கிரீன்லாந்தில் நிலத்திலேயே முடியும் பனிப்பகுதியின் முப்பதாண்டுச் செயற்கைக்கோள் படங்களை அளந்து 2015-இல் வெளியிட்டது. உருகுநீர் சுமார் பாதி அளவு கூடியிருந்தும், 2007 முதல் 2014 வரையிலான காலத்தில் பனி 1985 முதல் 1994 வரை இருந்ததைவிட ஏறக்குறைய 12 சதவீதம் மெதுவாகத்தான் நகர்ந்தது. கோடையில் கிடைத்த வேகத்தைக் குளிர்காலத்தில் அதைவிடக் கூடுதலாக இழந்தது. நன்றாக வடிந்த அடித்தளம் அதற்குப் பொருத்தமான விளக்கம். இதைப் படித்துவிட்டு ஆபத்து நீங்கியது என்று சிலர் எழுதினார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. கடலில் முடியும் பனியாறுகளின் கதையை அந்தப் படங்கள் சொல்லவில்லை. இனி உருகல் ஏறப்போகும் உயர்ந்த பகுதிகளில் பனி தடித்தது, மேற்பரப்புச் சரிவு குறைவு. சுரங்கம் அங்கே எளிதில் வளராது. வளராத இடத்தில் நீர் வந்தால் எந்தக் குணம் ஜெயிக்கும்?

மாடல்களுக்குள் ஒத்துப்போகிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள். 2018-இல் வெளியான ஒப்பீட்டில் 13 அடித்தள நீர் மாடல்களுக்கு ஒரே கற்பனைப் பனிப்பாளத்தைக் கொடுத்து ஓட்டினார்கள். சீரான நீர், மூலான் வழி நீர், பகலிரவு ஏற்றஇறக்கம், பருவமாற்றம் என்று படிப்படியாகச் சிக்கலாக்கிப் பார்த்தார்கள். கிளாட்ஸ் என்ற மாடல் இதில் பிரபலம். இடுக்கு வலையை முக்கோணப் பரப்பிலும் சுரங்கத்தை அந்த முக்கோணங்களின் விளிம்பிலும் வளர விடுவது. வெர்டர், ஹியூவிட், ஷூஃப், ஃபிளவர்ஸ் நால்வரும் 2013-இல் எழுதியது. நல்ல மாடல்தான், ஆனால் பாறை மேட்டின் உயரம், இடுக்கின் கடத்துதிறன் போன்ற எண்களை யாரும் அளந்ததில்லை. பொருந்தும்வரை திருகி வைப்பதுதான் வழக்கம். லாரன் ஆண்ட்ரூஸ் குழு மூலானிலும் துளைக்கிணறுகளிலும் நீர்மட்டம் அளந்தபோது இன்னொரு சங்கடமும் வந்தது: சுரங்கத்தோடு சரியாக இணையாத பகுதிகள் தன்போக்கில் நடந்துகொள்கின்றன. கோடைக் கடைசியில் பனி நிதானப்படுவதில் அவற்றின் பங்கு பெரிது. இரண்டு வகை வழி என்று மேலே நான் எழுதியதில் மூன்றாவதாக இதையும் சேர்த்துக்கொள்.

உன் புராஜெக்டுக்கு வருகிறேன். முழுச் சங்கிலியையும் ஒரு வருடத்தில் செய்ய ஆசைப்படாதே. பாக்கிட்சோக்கில் ஒரு சிறு பகுதி எடுத்துக்கொள். ஆர்க்டிக் டெம்மிலிருந்து பள்ளங்களைப் பிரி. ஒரு கோடையின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் எந்த ஏரி எப்போது நிரம்பி எப்போது மறைந்தது என்று கையாலேயே குறி; தானியங்கி நிரலை அப்புறம் எழுதலாம், முதலில் கண் பழகட்டும். சிவப்பு ஒளி நீருக்குள் மங்கும் விதத்திலிருந்து ஆழம் கணக்கிடலாம். எம்.ஏ.ஆர். காலநிலை மாடலின் உருகல் எண்கள் இலவசம், அதை உள்ளே கொடு. உன் மாடல் ஏரிகளைச் சரியான வரிசையில் நிரப்புகிறதா என்று பார். வடிந்த தேதி ஒத்துவராது, அதற்காக வாசல் அளவைத் திருகி ஒத்துவர வைக்காதே, வித்தியாசத்தை அப்படியே அட்டவணையில் போடு.

நேரம் மிஞ்சினால் அடித்தளத்துக்கு ஒரே ஒரு சோதனை. எல்மர்/ஐஸ் என்ற பனி மாடல் மென்பொருள் இலவசம், கிளாட்ஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. செவ்வகப் பாளம் ஒன்று, நடுவில் ஒரு மூலான். ஒரு மாதத்துக்கு ஒரே மொத்த நீர்: முதல் ஓட்டத்தில் சீராக, இரண்டாவதில் பகலிரவு ஏற்றஇறக்கத்தோடு, மூன்றாவதில் பாதியை ஒரே நாளில் ஏரி வடிவதுபோல் கொட்டு. மூன்றிலும் அழுத்தம் எப்படிப் போகிறது என்று ஒரே தாளில் வரைந்து எனக்கு அனுப்பு. லினக்ஸில் நிறுவு, விண்டோஸில் மல்லுக்கட்டாதே. காலப்படியை ஒரு மணி நேரத்துக்குக் கீழே வைத்துத் தொடங்கு, இல்லாவிட்டால் மூன்றாவது ஓட்டம் பாதியில் வெடித்துவிடும். சனிக்கிழமை மாலைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன், கூப்பிடு.

அன்புடன்,
மாமா